நாலு மணிக்கு வீட்டில் யாரும் இல்லை

ஏப்ரல் 26, வெள்ளி

யூனியனில் இவருக்குக் கொடுத்த டைரி நாலு மாதமாகப் பிரிக்காமல் பீரோ மேல் கிடந்தது. இன்று முதல் எழுதலாம் என்று எடுத்தேன். ஆறு வாரம் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்ளப் போகிறேன். என்ன சாப்பிட்டார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்து வைத்தால் நல்லது.

என் தங்கை ரெஜினாவின் பிள்ளைகள். ஷெரினுக்கு எட்டு வயது, டேனிக்கு நாலு. கோடை விடுமுறை விட்டதும் இவர் புதுக்கோட்டைக்குப் போய்க் கூட்டி வந்தார். ரெஜினாவை நேற்று மதுரையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. போன நவம்பரில் அவள் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போனதிலிருந்தே அவள் சரியில்லை. சமைக்க மறந்தாள். குளிக்க மறந்தாள். பத்து நாள் முன்னால் டேனியைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டாள். ஒரு பூக்காரம்மா பிள்ளையைப் பார்த்து, விசாரித்து, இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விட்டார். பெற்றவள் செய்கிற காரியமா இது? நான் சத்தம் போட்டேன். பைத்தியக்காரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மதுரையில் ஊசி போடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு ஜோடிச் சின்னச் செருப்பு. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 27, சனி

வார்டிலிருந்து புதனும் சனியும் சாயங்காலம் நாலு மணிக்குப் பேசலாம். பத்து நிமிடம். இன்று பேசினாள்.

டேனி முதலில் குதித்தான். பாதியில் "அம்மா, வா" என்று ஆரம்பித்து, போன் வைத்த பிறகும் விடவில்லை. அழுது அழுது குடித்த பாலை வாந்தி எடுத்தான். ராத்திரி சாப்பிடவே இல்லை. ஷெரின் அழவில்லை. சாப்டீங்களாம்மா, தூங்குனீங்களாம்மா என்று பெரிய மனுஷி மாதிரி கேட்டாள். லைன் போன பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரெண்டு தடவை "ம்" சொன்னாள்.

இப்படி வாரம் இரண்டு முறை நடந்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்குமா?

ஏப்ரல் 29, திங்கள்

காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வெளியில் தலை காட்ட முடியவில்லை. அந்த ஆறு மணி நேரத்தை எதைப் போட்டு நிரப்புவது?

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இரண்டு புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டேன். மதியச் சாப்பாடு அதற்குள்தான். எலுமிச்சம்பழச் சாறை டம்ளரில் ஊற்றிக் குச்சி செருகிக் ஃபிரிட்ஜில் வைத்தேன். ஐஸ் ஆகிவிட்டதா என்று டேனி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்ததில் அது கடைசி வரை ஐஸ் ஆகவில்லை. ஷெரின் தரை முழுக்கச் சாக்பீஸால் தண்டவாளம் வரைந்தாள். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியபோது டேனியும் கூடவே ஊதினான். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

இவர் வேலை முடிந்து வந்து தண்டவாளத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்.

மே 1, புதன்

மூன்று மணிக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். இவருக்கு இன்று லீவு. இந்த வெயிலில் மூணு மணிக்கா என்று கேட்டார். ஐந்து மணிக்கு மேல் ஊஞ்சலுக்குச் சண்டை போட வேண்டியிருக்கும் என்றேன். சறுக்குமரம் சுட்டது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டுத்தான் சறுக்கினார்கள்.

போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். இவரும் யூனியன் கூட்டத்துக்குப் போய்விட்டிருக்கிறார். வந்து பார்த்தால் மூன்று முறை அழைப்பு வந்திருக்கிறது.

டேனி ராத்திரி மூன்று இட்லி சாப்பிட்டான். அழாமல் தூங்கினான். இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மே 4, சனி

கத்திரி இன்று ஆரம்பம். ஸ்ரீரங்கம் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. போக வர இரண்டு பஸ். வெயிலுக்கு வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் இலைக்கு அடியில் ஒளிந்திருந்தன. டேனி மொத்தம் நாலு பார்த்தான், நாப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

போன் வீட்டில் இருந்தது. ஐந்து அழைப்பு.

டேனி இன்றும் அழவில்லை.

மே 6, திங்கள்

காய் வாங்கப் போனபோது வழியில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஏறி இறங்கினேன். மூன்றாம் வகுப்பில் இடம் இருக்குமா, எல்.கே.ஜி.யில் சேர்ப்பார்களா என்று சும்மா விசாரித்தேன். விசாரிப்பதில் என்ன இருக்கிறது? ஆறு வாரத்தில் ஒருத்திக்குப் புத்தி தெளிந்துவிடும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? இவரிடம் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை.

மே 8, புதன்

ரயில் அருங்காட்சியகம். குட்டி ரயிலில் மூன்று சுற்று. இவர் தினம் கைவைக்கிற மாதிரி இன்ஜின்தான் இது என்று பழைய இன்ஜின் ஒன்றைக் காட்டினேன். டேனி அதைத் தொட்டுக் கும்பிட்டான்.

இரண்டாவது சுற்றில் ஷெரின் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மணி நாலு அஞ்சு. அம்மா இன்னைக்குப் பேசுவாங்கதானே பெரியம்மா என்றாள். போன் ரிப்பேர் என்றேன். அப்ப பெரியப்பா போன்ல பேசலாமே என்றாள். பெரியப்பா ஒர்க்‌ஷாப்பில் போனை எடுக்க மாட்டார் என்றேன். அதற்குப் பிறகு அவள் ரயிலை விட்டு இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது சுற்று டேனியும் நானும் மட்டும்.

மே 9, வியாழன்

எதிர்பார்க்கவே இல்லை. காலை பதினொரு மணிக்கு ரெஜினா பேசினாள். நர்ஸிடம் கெஞ்சித் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறாள். ஷெரின் மாடி வீட்டில் தொலைக்காட்சி பார்க்கப் போயிருந்தாள். டேனி அடுப்படியில் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு எதையோ பாடிக்கொண்டிருந்தான். நான் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.

பிள்ளைகளிடம் கொடு என்றாள். தூங்குகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "என்னக் கேக்குறாங்களாக்கா?" என்றாள்.

"நல்லா வெளையாடுறாங்க. உன் ஞாபகமே இல்ல. நீ அதையெல்லாம் நெனைக்காம ஒடம்பப் பாத்துக்க."

அவள் நிம்மதிக்குத்தான் சொன்னேன். நோயாளியிடம் வேறு எப்படிப் பேசுவது?

மதியம் பிள்ளைகளுக்குப் பூரி. டேனி நாலு சாப்பிட்டான்.

மே 11, சனி

முக்கொம்பு. ஆறு மணி வரை தண்ணீர்க் கரையில். நல்ல பசி, நல்ல தூக்கம்.

மே 14, செவ்வாய்

மதியம் திடீரென்று ஒரு மழை. பால்கனிக் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரில் பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டோம். பிறகு ஷெரின் டீச்சர் விளையாட்டு ஆரம்பித்தாள். டேனியை உட்கார வைத்து எண்களைச் சொல்லிக்கொடுத்தாள். ஒன்று இரண்டு வரிசையாக இல்லை, தாறுமாறாகப் பத்து எண். அவன் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. எங்கேயோ கேட்ட எண்களாக இருக்கிறதே என்று பார்த்தால், அடுப்படிச் சுவரில் நான் எழுதி வைத்திருக்கும் இவருடைய போன் நம்பர். எதுக்குடி இது என்றேன். சும்மா, பெரியம்மா என்றாள். நல்லதுதான், தொலைந்து போனால் சொல்வதற்கு ஆகும் என்றேன்.

விளையாட்டு நடுவில் டேனி என்னிடம் ஓடி வந்தான். "அம்மா, தண்ணி" என்றான். ஷெரின் அவன் தொடையில் கிள்ளினாள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். திருத்தவில்லை.

மே 15, புதன்

நாலு மணிக்கு மாதா கோவில் தோட்டத்தில் இருந்தோம். திரும்பி வந்து போனைப் பார்த்தேன். ஒரு அழைப்பு கூட இல்லை. இதுவரை இப்படி இருந்ததில்லை.

நல்லதுதான். அவளுக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது.

இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன்.

மே 19, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். மூன்றரைக்குப் போனோம். டேனி டிராகன் ரயில் கேட்டான். ஷெரின் தானே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பஞ்சு மிட்டாய்க்கென்று கேட்டதால் அவள் கையில் கொஞ்சம் காசு கொடுத்திருந்தேன். ரயில் கிளம்பும்போது அந்தப் பள்ளிக்கூட ஆபீஸ் டீச்சர் எதிரில் வந்தார். ஜூன் முதல் வாரம் வாங்க, பிறப்புச் சான்றிதழும் அம்மா கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும் என்றார். அவள் போட்டுவிடுவாள் என்று சொன்னேன். நாலைந்து நிமிடம்தான் பேசியிருப்பேன். திரும்பினால் ரயில் நின்றிருந்தது. வேறு பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பஞ்சு மிட்டாய் வண்டிக்கு ஓடினேன். பிறகு ராட்டினம். பிறகு அப்பளக் கடை வரிசை முழுக்க. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது, அதற்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான். மைக் இருக்கிற கொட்டகையில் போய்ச் சொன்னபோது, டேனி என்ன நிறச் சட்டை என்று கேட்டார்கள். நான்தான் போட்டுவிட்டேன். ஞாபகம் வரவில்லை. நீங்க அம்மாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவர்களுடைய தாயார் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் வரவில்லை.

நேற்று என் பையில் போன் இருந்திருந்தால் இவரைக் கூப்பிட்டிருப்பேன். அது வீட்டில் இருந்தது. மைக்காரர் போனில் கூப்பிடலாம் என்றால், சுவரில் என் கையால் எழுதிய இவருடைய நம்பர் பாதிக்கு மேல் வரவில்லை.

ஐந்து இருபதுக்கு இவரே வந்தார். கொட்டகை வாசலில் ஆட்டோ நிற்க, பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மதுரைக்குக் கிளம்பத் தயாராக இருந்த பஸ்ஸில் ஏறி மூன்றாவது ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டக்டரிடம் ஷெரின் இரண்டு டிக்கெட் கேட்டு, அம்மாவுக்கு ஊசி போடுகிற ஆஸ்பத்திரியில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறாள். கூட யாரும்மா என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. டேனி பத்து எண்ணையும் ஒப்பித்துவிட்டான். கண்டக்டர் அந்த நம்பரில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டு. வேறு இடம் கிடைக்கவில்லை.

ஷெரின் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து இவர் கேட்டபோது இவரிடம் சொன்னாள்.

"அம்மா புதன், சனி நாலு மணிக்குப் பேசுவாங்க, பெரியப்பா. அந்த நேரம் பாத்துப் பெரியம்மா எங்கள வெளில கூட்டிட்டுப் போயிருவாங்க. போன் வீட்டுலயே இருக்கும்."

இவர் என் போனை எடுத்து, வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டு வந்து, "அவ டேனியப் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தப்ப பைத்தியக்காரின்னு சொன்ன. இன்னைக்கு என்ன சொல்லப் போற ஜெசி?" என்றார்.

இன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

மே 20, திங்கள்

இவர் வார்டுக்குப் பேசினார். ரெஜினா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, போன வாரத்திலிருந்து போன் நேரத்தில் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை என்று நர்ஸ் சொன்னாராம். பத்து நாள். நான் விரல் விட்டு எண்ணினேன். எண்ணாமலே தெரிந்ததுதான்.

புதன்கிழமை எல்லோரும் மதுரைக்குப் போகிறோம். இவர் லீவு போட்டுவிட்டார்.

பள்ளிக்கூட விண்ணப்பம் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. இவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விசாரிக்க மட்டும் போகவில்லை, இரண்டு பேர் பெயரையும் எழுதி, பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதிவிட்டுத்தான் வந்தேன்.

மே 22, புதன்

ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என் தங்கையா என்று சந்தேகம் வந்தது. தோள் எலும்பு நைட்டிக்கு வெளியே தெரிந்தது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஷெரின் நேராகப் போய் அவள் இரண்டு கையையும் திருப்பித் திருப்பி ஊசி போட்ட இடத்தைத் தேடினாள். தேடிவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு விடவே இல்லை.

டேனி போகவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். ரெஜினா கையை நீட்டினாள். அவன் முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டான். உள்ளதை எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும்.

நீட்டிய கையை அவள் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லக்கா. நீ சொன்னது சரிதான். மறந்துட்டாங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. கோபமே இல்லை. பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் தினமும் கேட்டார்கள் என்றேன். புதனும் சனியும் வேண்டுமென்றே கூட்டிப்போனேன் என்றேன். நேற்று முன்தினம் வரை நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத சிலதையும் சொன்னேன். இவர் டேனியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். ஷெரின் போகவில்லை. அவள் கேட்கத்தான் வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ரெஜினா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்குக் காலைல நீ தூங்குறாங்கன்னு சொன்னப்ப, டேனி எதையோ தட்டிக்கிட்டுப் பாடுனானா?"

"ஆமா ரெஜி. டம்ளரத் தட்டிக்கிட்டு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூங்குற புள்ள பாடுற மாதிரி எனக்குக் கேக்குதேன்னு டாக்டர்ட்ட நானே போய்ச் சொன்னேன்க்கா. இல்லாத சத்தம் கேக்குதுன்னு எழுதிக்கிட்டாங்க. மாத்திரையக் கூட்டிட்டாங்க."

நான் எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனேன். வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். இது தங்கச்சி மருந்து விஷயம் என்று சொல்லி முன்னால் போனேன். சொன்னேன். அவர் திட்டவில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, நீங்களே எழுதிக் கொடுங்க என்றார். எழுதினேன்.

'மே 9 வியாழன் காலை பதினொரு மணிக்கு என் தங்கை ரெஜினாவுக்குப் போனில் கேட்ட குரல் உண்மையான குரல். பிள்ளை விழித்துத்தான் இருந்தான். தூங்குகிறான் என்று நான் பொய் சொன்னேன். ஜெசிந்தா சவரிநாதன்.'

டாக்டரம்மா ரெஜினாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அதை நிதானமாக வாசித்துக் காட்டினார். ரெஜினா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ வாசிங்க டாக்டர்" என்றாள்.

வாசித்தார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் என்னவோ எழுதினார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம், இன்று ராத்திரியிலிருந்தே தொடங்கலாம் என்றார்.

வெளியே வந்தபோது டேனி பெரியப்பா தோளிலிருந்து இறங்கி, இரண்டடி தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜினா கூப்பிடவில்லை. உட்கார்ந்து, பெஞ்சு விளிம்பில் விரலால் மெதுவாகத் தாளம் போட்டாள். அவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து கடைசியில் அவனும் தட்டினான்.

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டில் நிரப்பப் போனேன்.

கிளம்பும்போது, டிஸ்சார்ஜ் ஆகும் வரை பிள்ளைகள் உன்னிடமே இருக்கட்டும் என்று ரெஜினாதான் சொன்னாள். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. உன்மேல நம்பிக்கை வந்து சொல்லலக்கா, வேற யாரும் இல்ல என்றாள்.

மே 30, வியாழன்

ஷெரின் தேவையானதை மட்டும் பேசுகிறாள். சாதம் போதும். துண்டு எங்கே. போன் அவளிடம்தான் இருக்கிறது, நானே கொடுத்துவிட்டேன். வார்டில் இப்போது தினமும் பேச விடுகிறார்கள். அவர்கள் பேசும்போது நான் துணி மடிக்கிறேன்.

டேனிக்கு இன்று மாடி வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில் கால் எட்டியது.

ஜூன் 8, சனி

ரெஜினா புதன்கிழமை டிஸ்சார்ஜ் ஆனாள். இன்று புதுக்கோட்டையிலிருந்து இவரோடு வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. முகத்தில் சதை பிடித்திருக்கிறது. பேச்சு தெளிவாக இருக்கிறது. இரண்டு பைகளிலும் எல்லாம் இருக்கிறதா என்று அவளே ஒரு முறை பிரித்துப் பார்த்து அடுக்கினாள். மாத்திரை எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஷெரினிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளை அதைத் தன் கையில் பேனாவால் எழுதியிருந்தது.

பஸ்ஸில் டேனி ஜன்னலோரம். முத்தம் கொடுத்தான், ஒட்டும்படி கொடுத்தான். ஷெரின் "வர்றேன் பெரியம்மா" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

கடைசியாக ஏறியது ரெஜினா. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"காலாண்டு லீவுக்கு அனுப்ப மாட்டேன்க்கா. அரையாண்டு லீவுக்குப் பாப்போம்."

சரி என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை. பஸ் வளைவு திரும்பும் வரை நின்றேன். இவர் என் பக்கத்தில் நின்றார், தோளில் கைபோடவில்லை, ஆனால் அவசரப்படுத்தவும் இல்லை.

அரையாண்டு லீவு என்றால் கிறிஸ்துமஸ். பாப்போம் என்றுதான் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லவில்லை.